பஸ்பங்குவ பைக்கற்: முகப்பில் இருக்கிற 'ஃப்ளெம்' எது?

மாரி தொடங்கினால் மட்டக்களப்புக் கடைகளில் காசு மேசைக்குப் பக்கத்தில் பஸ்பங்குவ பைக்கற் தொங்கும். சிங்களத்தில் 'பஸ்' ஐந்து, 'பங்குவ' பங்கு. கொத்தமல்லி, வேர்க்கொம்பு, கண்டங்கத்தரி, பற்படகம், மரமஞ்சள் ஐந்தும் சேர்ந்த கசாயச் சரக்கு. இங்கே பார்ப்பது மும்மொழியில் அச்சடித்த சாதாரண பைக்கற். முகப்பில் தமிழுக்குக் 'கபம்', ஆங்கிலத்துக்கு 'ஃப்ளெம்'. அதைத் தடிமன் என்று வாசித்து வாங்கிவிட்டு, மூக்கு ஒழுகுவது நிற்கவில்லையே என்று குறைப்படுகிறார்கள்.

ஃப்ளெம் மூக்கால் ஒழுகுவதல்ல. நெஞ்சிலும் தொண்டையிலும் கட்டி, இருமினால் வரும் கோழை. மூக்குச்சளிக்குப் பேச்சில் 'ஸ்னொட்', இரண்டுக்கும் பொதுவாக 'மியூக்கஸ்'. ஃப்ளெம்மை ஆங்கிலத்தில் (phlegm) எழுதும்போது நடுவில் ஒரு 'ஜி' வரும், வாயில் வராது. 14ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்த எழுத்தே இல்லை. கிரேக்க மூலத்தைப் பார்த்துப் படித்தவர்கள் பிறகு செருகினார்கள். மூலச்சொல் 'ஃப்ளெக்மா', அதன் வேருக்கு எரிதல் என்று பொருள். குளிர்ச்சியும் ஈரமும் என்று கிரேக்க வைத்தியர்கள் வகுத்த உடல்நீருக்கு நெருப்பின் பெயர்! நம் சித்த வைத்தியத்தில் வளி, அழல், ஐயம் என்பார்கள். அதில் அழல் பித்தம், ஐயம்தான் கபம். எரிவின் பெயர் அங்கே கோழைக்குப் போனது, இங்கே பித்தத்துக்கு.

பைக்கற்றைப் பிரித்துச் சுளகில் கொட்டினால் கண்ணளவில் பாதி கொத்தமல்லி. ஐந்தில் மலிவானது அதுதானே. மரமஞ்சள் இரண்டே துண்டு. ஆனால் வெட்டுமுகம் நல்ல மஞ்சள், நாக்கில் வைத்தால் கசக்கிறது, ஆகவே பழசில்லை. வேர்க்கொம்பை உடைத்துப் பாருங்கள்: மணம் வரவேண்டும், பூச்சித்துளை இருக்கக்கூடாது. பற்படகத்தோடு மண்ணும் வரும். ஒரு தரம் அலசினால் போதும், ஊறவைத்துக் கழுவினால் சத்தும் போய்விடும்.

பைக்கற்றின் பெரிய பிழை, '5 நிமிடம் கொதிக்கவிடவும்' என்ற வரி. மரமஞ்சள் மரக்கட்டை, தேயிலை அல்ல. நாட்டு வைத்தியக் கணக்கு எட்டொன்று: மொத்தம் 60 கிராம் சரக்கு, 8 கோப்பை தண்ணீர், வற்றி 1 கோப்பை. வேர்க்கொம்பையும் மரமஞ்சளையும் நன்றாகத் தட்டி, கொத்தமல்லியை இலேசாக நசித்து, மண்சட்டியில் மூடாமல், சின்ன நெருப்பில் வையுங்கள். பெருநெருப்பில் தண்ணீர்தான் ஓடும், சாறு இறங்காது. சரியாக வற்றினால் நிறம் மஞ்சள் கலந்த கபிலம். வெறும் மல்லி நிறமாக நின்றால் மரமஞ்சள் போதவில்லை. வடித்துக் காலை பாதி, மாலை பாதி, இளஞ்சூட்டில். சீனி போடாமல் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பதே வழக்கம். மிச்சத்தை மறுநாளுக்கு வைக்க வேண்டாம்.

மரமஞ்சளின் கசப்புக்குக் காரணமான பேர்பரின் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் ஆகாது. நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களுக்கு இரத்தத்தில் சீனி கீழே இறங்கலாம், டொக்டரிடம் கேட்டுவிட்டுக் குடிக்கவும். காய்ச்சலும் சேர்ந்திருந்தால் இரண்டாம் நாள் தாண்டக் காத்திருக்காமல் இரத்தம் சோதியுங்கள். மாரியில் டெங்கு நுளம்பும் சேர்ந்தேதான் வரும்.

இருமலுக்கு இந்தப் பைக்கற்றை வாங்கலாம், கூடவே மரமஞ்சள் மட்டும் நாட்டுமருந்துக் கடையில் தனியாக எடுங்கள். மூக்கொழுக்குக்கு இவ்வளவு தேவையில்லை, வேர்க்கொம்பு தட்டிப் போட்ட மல்லித்தண்ணியே காணும்.