ஒரே தரவு, இரண்டு பி-மதிப்பு: ஆரா, பைத்தானா?

மாதிரி சின்னது, தரவு எப்படிப் பரவியிருக்கும் என்று முன்கூட்டி அனுமானிக்காத நான்-பாராமெட்ரிக் சோதனைதான் போட முடியும் என்றால், ஆர் (R), பைத்தான் (Python) என்ற இரண்டு நிரல்மொழிகளில் நான் ஆர் பக்கம். காரைக்குடியில் ஆய்வு மாணவர்கள் பலரும் இப்போது பைத்தானில்தான் தொடங்குகிறார்கள். தப்பில்லை. ஆனால் இரண்டும் எங்கே பிரிகின்றன என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஆத்தங்குடி டைல்ஸைக் கண்ணாடி மேல் வார்த்துத் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள். குறைந்த நாள் ஊறியதில் ஐந்து, கூடுதல் நாள் ஊறியதில் ஐந்து எடுத்து, எவ்வளவு பாரத்தில் உடைகிறது என்று அளக்கிறோம். முதல் ஐந்தும் அடுத்த ஐந்தை விடக் குறைந்த பாரத்திலேயே உடைகின்றன. எங்கும் சம மதிப்பு இல்லை. பத்தில் ஐந்தைப் பிரிக்க 252 வழி. எந்தப் பக்கம் கூடும் என்று முன்கூட்டிச் சொல்லாத இருமுனைச் சோதனையில் பி-மதிப்பு, அதாவது வித்தியாசமே இல்லாதபோதும் இப்படி ஒரு பிரிவு தற்செயலாக வரும் வாய்ப்பு, 2/252 = 0.0079. இரு குழுவை ஒப்பிடும் ஆரின் வில்காக்ஸ்.டெஸ்ட் கட்டளை இதைத்தான் தரும், பைத்தானின் சைபை (SciPy) தொகுப்பில் உள்ள மான்விட்னியூவும் இதைத்தான். அதே சைபையில் இருக்கும் ரேங்க்சம்ஸ் மட்டும் 0.0090 தரும், அது வழிகளை எண்ணாமல் எப்போதும் மணி வடிவ நார்மல் பரவலை வைத்துப் போடும் தோராயம்தான்.

பாரத்துக்குப் பதில் ஒரு கொத்தனார் பளபளப்புக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுகிறார் என்று வைப்போம். ஒரு பக்கம் 2, 2, 3, 3, 3. மறுபக்கம் 4, 4, 5, 5, 5. சம மதிப்புகள் வந்ததும் இரண்டு மொழியும் தோராயத்துக்குத் தாவி 0.0097 தருகின்றன. ஆர் 4.3 'துல்லிய பி-மதிப்பைக் கணக்கிட முடியவில்லை' என்று எச்சரிக்கும். சைபை வாயே திறக்காது. 252 வழியையும் எண்ணிப் பார்த்தால் விடை இப்போதும் 0.0079தான், அதற்கு ஆரில் காயின் தொகுப்பு, சைபையில் பெர்மியூட்டேஷன்_டெஸ்ட். கேள்வித்தாள் ஆய்வில் சம மதிப்பு வராத நாளே கிடையாது. என் ஓட்டு ஆருக்கு விழுவது அந்த ஒரு வரி எச்சரிக்கைக்காகத்தான்.

குழுவுக்கு இருபது பேர் என்றால் வேறு சிக்கல். சம மதிப்பு இல்லாதபோது, இரு குழுவும் ஐம்பதுக்குள் இருக்கும்வரை ஆர் துல்லியமாக எண்ணும். சைபையோ இரு குழுவும் எட்டைத் தாண்டினாலே தோராயம். ஆய்வு வழிகாட்டி ஒரு மொழியிலும் மாணவர் இன்னொன்றிலும் ஓட்டினால் விடை சற்றே மாறும்; சைபையில் மெதட் என்ற இடத்தில் 'எக்ஸாக்ட்' என்று கொடுத்தால் தீர்ந்தது. சைபை 1.7க்கு முந்தைய பழைய நிரல்களை அப்படியே எடுக்க வேண்டாம். அப்போது மான்விட்னியூ சொல்லாமல் விட்டால் ஒருமுனை மதிப்பைத்தான், அதாவது பாதியைத்தான், தந்தது.

மூன்று பட்டறைகளை ஒப்பிடும் க்ருஸ்கல்-வாலிஸில் பெரிய வித்தியாசம் இல்லை. அப்புறம் எந்த இரண்டு பட்டறைக்கு நடுவே வித்தியாசம் என்று பார்க்கப் போடும் டன் சோதனைக்கு இரண்டிலும் தனித் தொகுப்பு நிறுவ வேண்டும்.

விடுபட்ட மதிப்புகளில் மட்டும் பைத்தானுக்கே என் ஓட்டு. வில்காக்ஸ்.டெஸ்ட் காலி இடங்களைச் சத்தமில்லாமல் கழித்துவிடும். மான்விட்னியூ 'நான்' (NaN, 'எண் அல்ல') என்ற வெற்று விடையைக் கையில் கொடுத்து, போய்த் தரவைப் பார் என்று திருப்பி அனுப்பும்.