ஆம்ப்ளிஃபயரை (ஆம்ப்) அளக்க முதலில் எதை வாங்குவது? ஆறு வருட அனுபவம்

பவானியில் மைக்செட் ஆம்ப்களைப் பழுது பார்க்கிறேன், கேட்பவர்களுக்குப் புதிதாகவும் போட்டுக் கொடுக்கிறேன். "ஏனுங்ணா, ஸ்கோப் வாங்கலாம்னு இருக்கேன், எது நல்லாருக்குங்க?" என்று, மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பைக் கேட்டு வரும் தம்பிகளுக்கு நான் சொல்லும் பதில் ஆறு வருடமாக மாறவில்லை. ஆடியோ வேலைக்கு முதலில் லேப்டாப்பில் செருகும் நல்ல யூஎஸ்பி சவுண்ட் கார்டு. ஸ்கோப் அப்புறம்.

நம் பட்ஜெட்டில் கிடைக்கும் டிஜிட்டல் ஸ்கோப் பெரும்பாலும் 8 பிட். மொத்த அலையையும் 256 படிகளில்தான் வரையும். ஒரு சதவீத டிஸ்டார்ஷன் (அலை உருக்குலைவது) இருந்தாலும் திரையில் சைன் அலை அழகாகவே தெரியும், காதுதான் குறை சொல்லும். சவுண்ட் கார்டு 24 பிட். நான் வைத்திருப்பது ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2, மென்பொருள் ரூம் ஈக்யூ விசார்ட், அது இலவசம். 1 கிலோஹெர்ட்ஸ் கொடுத்தால் டிஸ்டார்ஷனால் 2, 3, 5 கிலோஹெர்ட்ஸில் எழும் மடங்கு அலை (ஹார்மானிக்) ஒவ்வொன்றும் திரையில் தனித்தனிக் குச்சியாக நிற்கும். கார்டு வாங்கிய அன்றே அதன் அவுட்புட்டை அதன் இன்புட்டிலேயே செருகி அளந்து குறித்துவையுங்கள். கார்டின் சொந்த டிஸ்டார்ஷன் தெரிந்தால்தான் ஆம்பின் கணக்கு தெரியும்.

ஆம்ப் அவுட்புட்டை நேராகக் கார்டில் செருகாதீர்கள். 8 ஓமில் 50 வாட் என்றால் 20 வோல்ட், உச்சத்தில் 28. என் முதல் கார்டின் இன்புட் அப்படித்தான் போனது. இப்போது 10 கிலோஓம் ரெசிஸ்டர் சீரிஸில், 1 கிலோஓம் கிரவுண்டுக்கு, அதன் குறுக்கே வோல்ட் ஏறாமல் தடுக்க எதிரெதிராக இரண்டு 5.1 வோல்ட் ஜீனர் டயோடு. 20 வோல்ட் 1.8 ஆக இறங்கிவிடும். எல்லாம் சேர்த்து ஒரு டீக்காசுதான். இன்னொன்று, கார் ஆம்ப் போன்ற பிரிட்ஜ் ஆம்ப்களில் ஸ்பீக்கரின் இரண்டு முனையில் எதுவுமே கிரவுண்ட் இல்லை. அங்கே கிரவுண்ட் கிளிப்பை மாட்டினால் ஐசி போய்விடும்.

கார்டு எனக்கு அதிகம் உழைத்தது உறுமலில்தான். முன்பெல்லாம் உறுமல் என்றால் கண்டென்சரை மாற்றிப் பார்ப்போம், போகாவிட்டால் ஒயரை மாற்றுவோம். இப்போது குச்சி எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும். 50 ஹெர்ட்ஸ் என்றால் எர்த் சுற்று அல்லது டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் ஓடும் ஒயர். 100 ஹெர்ட்ஸ் என்றால் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்குப் பின்னால், பெரும்பாலும் காய்ந்துபோன ஃபில்டர் கண்டென்சர். ஒரு மண்டப ஆம்பில் 10,000 மைக்ரோஃபாரட் இரண்டை மாற்றியதும் 100 ஹெர்ட்ஸ் குச்சி 20 டெசிபெலுக்கு மேல் இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். அளக்கும்போது லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள், இல்லையென்றால் சார்ஜர் வழியாக வரும் உறுமலுக்கு ஆம்பைக் குற்றம் சொல்வோம்.

மல்டிமீட்டரில் 'ட்ரூ ஆர்எம்எஸ்' (எந்த வடிவ அலைக்கும் சரியான வோல்ட் காட்டும்) என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். விலை குறைந்தவை பலவும் சில நூறு ஹெர்ட்ஸ் வரைதான் சரியாகக் காட்டும். என்னுடைய பழைய மீட்டர் 10 கிலோஹெர்ட்ஸில் பாதிதான் காட்டியது. அதை நம்பி, நன்றாக இருந்த ஆம்பில் ட்ரெபிள் குறைகிறது என்று இரண்டு நாள் தேடினேன். இப்போது பவர் அளப்பதை 400 ஹெர்ட்ஸுக்குள் முடித்துக்கொள்கிறேன்.

ஸ்பீக்கருக்குப் பதிலாக மாட்டும் டம்மி லோடு கடையில் வாங்க வேண்டாம். அலுமினியக் கூடு போட்ட 8 ஓம் 50 வாட் ரெசிஸ்டர் நான்கு, இரண்டிரண்டாக சீரிஸ், அந்த ஜோடிகள் பேரலல். மறுபடியும் 8 ஓம், ஆனால் 200 வாட் தாங்கும். பழைய ஆம்பின் ஹீட்சிங்கில் பேஸ்ட் தடவி இறுக்க வேண்டும், அப்போதுதான் அந்த 50 வாட் உண்மை. ராத்திரி பதினோரு மணிக்கு ஃபுல் வால்யூமில் ஆம்பை ஓட்டினாலும் பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. பழுது பார்த்த ஆம்புக்கு முதல் ஸ்விட்ச் போட, கரண்டை மட்டுப்படுத்த சீரிஸ் போர்டில் 100 வாட் குண்டு பல்பு. அதற்கு மாற்று இல்லை.

அப்படியென்றால் ஸ்கோப் எதற்கு? போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்குப் போக வேண்டிய ஆம்ப் ஒன்று வந்தது. அவுட்புட்டில் 5200, 1943 டிரான்சிஸ்டர் நான்கு ஜோடி. பாட்டே போடாமல் ஹீட்சிங்க் கை வைக்க முடியாத சூடு. பயாஸ் (பாட்டில்லாதபோது டிரான்சிஸ்டரில் ஓடும் கரண்ட்) சரி, டிரான்சிஸ்டர் சரி, சவுண்ட் கார்டில் சுத்தமான அலை. கோவையில் பழைய சாமான் கடையில் வாங்கிய 20 மெகாஹெர்ட்ஸ் சி.ஆர்.ஓ.வை (பழைய குழாய்த் திரை ஸ்கோப்) மாட்டினேன். கோடு மெல்லிசாக இல்லாமல் பஞ்சு போல் தடித்து நின்றது. காதுக்குக் கேட்கவே முடியாத உயரத்தில் ஆம்ப் ஆசிலேட் ஆகிக்கொண்டிருந்தது, அதாவது தானாகவே அலை எழுப்பிக்கொண்டிருந்தது. 48 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 48 ஆயிரம் முறை அளந்து) ஓடும் கார்டு அதில் பாதியான 24 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் பார்க்காது. அவுட்புட்டில் 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சரோடு இருக்கும் 10 ஓம் ரெசிஸ்டர் கருகி ஓப்பனாகியிருந்தது. புதிது போட்டதும் பஞ்சு கரைந்து கோடு நூலானது. பத்து நிமிடம் கழித்து ஹீட்சிங்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. விடியற்காலை ஆம்ப் அந்தியூருக்கு வண்டி ஏறியது.