‘ஸ்விம் பிளாடர் மருந்து’ என்று நீல பாட்டிலை நீட்டினால் வாங்காதீர்கள்

சென்னை கொளத்தூர் பக்கம் வண்ண மீன் வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கையில் பில் இல்லாதவன் பெயரைச் சொல்லி என்ன நிரூபிக்க முடியும்? அந்தத் தெருவில் நாணயமான கடைகளும் இருக்கின்றன. நான் மாட்டிக்கொண்டது வேறு மாதிரியான கடை.

பள்ளி திறந்த வாரத்தில் மகளுக்காக இரண்டடித் தொட்டி வாங்கினோம். வடிகட்டி, நீலக் கூழாங்கல், மிதக்கும் தீவன டப்பா, சிவப்புத் தொப்பி வைத்த ஒரண்டா ஒன்று, பிளாக் மோர் ஒன்று (இரண்டும் கோல்டு ஃபிஷ் வகை), எல்லாம் ஒரே நாளில். “இன்றைக்கே மீனை விடலாமா?” என்று கேட்டேன். “தாராளமாக விடுங்கள் சார்” என்றார் கடைக்காரர். ஏமாற்று அங்கேயே தொடங்கிவிட்டது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

ஒரண்டாவுக்கு மகள் வைத்த பெயர் குண்டு. பத்தொன்பதாம் நாள் காலையில் குண்டு வயிறு மேலே தெரிய மிதந்துகொண்டிருந்தது. செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். விரலைத் தண்ணீரில் வைத்ததும் துள்ளித் திரும்பியது. வாலை அடித்து அடித்து அரை சாண் ஆழம் போகும். அடிப்பதை நிறுத்தியதும் பந்து போல மேலே வந்துவிடும். தண்ணீருக்கு வெளியே நின்ற வயிற்றுத் தோல் காய்ந்து சிவந்திருந்தது.

வீடியோ எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். பத்து நொடிகூடப் பார்த்திருக்க மாட்டார். “ஸ்விம் பிளாடர் சார். மருந்து இருக்கிறது, கவலைப்படாதீர்கள்” என்றார். மீனை மிதக்கவைக்கும் காற்றுப்பையில் கோளாறாம். என்ன தீவனம், எவ்வளவு போடுகிறீர்கள், எப்போது தண்ணீர் மாற்றினீர்கள் என்று ஒரு கேள்வி இல்லை. கம்ப்யூட்டரில் அச்சடித்த துண்டுக் காகிதத்தில் ‘ஸ்விம் பிளாடர்’ என்று மட்டும் ஒட்டிய சிறு பாட்டில். உள்ளே கருநீலத் திரவம். தயாரித்தவர் பெயர் இல்லை, என்ன கலந்திருக்கிறது என்ற விவரம் இல்லை, காலாவதித் தேதி இல்லை. 450 ரூபாய். தினமும் ஒரு மூடி ஊற்ற வேண்டும், “மருந்து வீணாகிவிடும், ஐந்து நாளைக்குத் தண்ணீர் மாற்றவே கூடாது” என்று கண்டிப்பாகச் சொன்னார். தண்ணீர் மாற்றியிருந்தாலே பாதி சரியாகியிருக்கும் என்ற நிலையில், மாற்றாதே என்று காசு வாங்கிக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

நான்காம் நாள் குண்டு தீவனத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடி கடை. இம்முறை காகிதத்தில் மடித்த மஞ்சள் தூள், 200 ரூபாய். அதற்கும் பெயர் இல்லை. இரண்டு நாள் கழித்து, “மீனையே கொண்டுவாருங்கள், காற்றை எடுத்துவிடுகிறேன்” என்றார். கல்லாவுக்குப் பக்கத்தில், ஈரத் துணியில் குண்டுவைப் பிடித்துக்கொண்டு, இன்சுலின் போடும் சிரிஞ்சை விலாவில் குத்தினார். மயக்க மருந்து கிடையாது. எங்கே குத்துகிறோம் என்பதற்கு அவர் கட்டைவிரல்தான் அளவு. சிரிஞ்சில் கொஞ்சம் காற்று வந்தது, கூடவே ரத்தமும். அதற்கு 300 ரூபாய் கொடுத்தேன். தடுக்காமல் நின்றதற்கு என்னைத்தான் நொந்துகொள்ள வேண்டும். மறுநாள் மகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் குண்டுவைத் துளசிச் செடியடியில் புதைத்துவிட்டேன்.

அந்த வார இறுதியில் பிளாக் மோரும் சாய ஆரம்பித்தது.

நண்பர் ஒருவர் சொல்லி, மீன்களையும் பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் போனேன். மீன் பையை மேசையில் வைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: “தொட்டித் தண்ணீரைத் தனியாக ஒரு பாட்டிலில் கொண்டுவந்தீர்களா?” கொண்டுபோகவில்லை. பைக்குள் இருந்த நீல நீரை வைத்துச் சோதித்தால் நிறம் மாறுவது தெரியாது என்று என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தன்னிடமிருந்த சோதனைப் பெட்டியையும் கையில் கொடுத்தார். வீட்டுத் தொட்டியிலும் அதே நீல நீர்தான். அதைக் கரியில் வடிகட்டி வெளிறவைத்துத்தான் சோதிக்க முடிந்தது. அமோனியா இல்லையென்றால் சோதனைக் குழாயில் மஞ்சள் நிறம் வர வேண்டும். எனக்கு வந்தது கரும்பச்சை.

அவர் விளக்கியது இதுதான். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு நஞ்சில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் நாளே இரண்டு கோல்டு ஃபிஷ்ஷை விட்டால் அவை தம் கழிவிலேயே மூச்சுத் திணறும். பாட்டிலில் இருந்தது பெரும்பாலும் மெத்திலீன் புளூவாக இருக்கும் என்றார். முட்டையில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அது உதவும். காற்றுப்பைக்கு ஒன்றும் செய்யாது. வடிகட்டியில் வளரத் தொடங்கியிருந்த பாக்டீரியாவை அது அழித்துவிடும். தண்ணீரும் மாற்றவில்லை என்றால் கேட்கவே வேண்டாம்.

மோரை ஈரத் துணியில் கிடத்திச் சில நொடிகளில் எக்ஸ்ரே எடுத்தார். கோல்டு ஃபிஷ்ஷின் காற்றுப்பைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு அறைகள். படத்தில் இரண்டும் கரிய முட்டைகள் போல, இருக்க வேண்டிய அளவில், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. உப்பியிருந்தது குடல். கோல்டு ஃபிஷ்ஷுக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போகும். உருண்டை உடம்புக்காகவே வளர்த்தெடுத்த ஒரண்டா, மோர் போன்ற இனங்களில் குடலும் காற்றுப்பையும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடக்கின்றன. போதாததற்கு நான் மூன்று வேளையும் மிதக்கும் தீவனம் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு உருண்டைக்கும் மேலே வந்து காற்றையும் சேர்த்து விழுங்கியிருக்கிறது.

ஆக, காற்றுப்பை மருந்து விற்றவனிடம் நான் வாங்கிய இரண்டு மீன்களில் ஒன்றுக்குக் காற்றுப்பையில் கோளாறே இல்லை. மற்றதற்கு என்ன இருந்தது என்பது இனித் தெரியப்போவதில்லை. மலச்சிக்கல், கெட்ட தண்ணீர், தொற்று, சிறுநீரக வீக்கம், கட்டி, முட்டை தேங்குதல், எதனாலும் மீன் கவிழலாம். கவிழ்வது அறிகுறி மட்டுமே. ஊசியால் காற்றெடுப்பது மருத்துவர்களும் செய்வதுதான், ஆனால் மயக்கம் கொடுத்து, எக்ஸ்ரே பார்த்து. அப்படி எடுத்தாலும் பல மீன்களுக்குக் காற்று மறுபடி சேர்ந்துவிடுகிறதாம்.

மோருக்கு அவர் சொன்ன வைத்தியத்தின் செலவைக் கேட்டால் சிரிப்பு வரும். அன்றே பாதித் தண்ணீர் மாற்றம், குளோரின் நீக்கிய பிறகு. அடுத்தடுத்த நாட்களில் மூன்றில் ஒரு பங்கு. மூன்று நாள் பட்டினி. தனி வாளியில், 20 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பு. ஆழம் ஒரு சாணுக்குள், மீன் மேலும் கீழும் அல்லாடாமல் இருக்க. பிறகு தோலுரித்து வேகவைத்து மசித்த பச்சைப் பட்டாணி, கடுகளவு. பட்டாணியைச் சர்வரோக நிவாரணியாகப் பேசுகிறவர்கள் உண்டு. மலச்சிக்கலுக்கு மட்டும்தான் அது உதவும். தொற்று இருந்தால் பட்டாணி தின்றபடியே மீன் சாகும். இப்போது மூழ்கும் தீவனம், அதையும் ஊறவைத்து.

கணக்குக் கேட்கக் கடைக்குப் போனேன். அந்த நேரம் பார்த்து கடைப் பையன் ஐந்து லிட்டர் கேனிலிருந்து நீலத் திரவத்தைச் சிறு பாட்டில்களில் ஊற்றிக்கொண்டிருந்தான். வரிசையில் பாதிக்கு ‘ஸ்விம் பிளாடர்’, மீதிக்கு ‘வெள்ளைப் புள்ளி’, அது வேறொரு மீன் நோய். கேன் ஒன்று, காகிதம் இரண்டு. நான் அதைக் காட்டியதும் கடைக்காரர் அசரவில்லை. “எல்லாம் ஒரே மருந்துதான் சார். உங்களுக்கு மீன் ராசி இல்லை” என்றார்.

பில் கேட்டேன். மீனுக்கு யார் பில் போடுவார் என்று சிரித்தார். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். நான் பணத்தைக் கையில் கொடுத்து, மருந்துச் சீட்டோ ரசீதோ இல்லாமல் நின்றேன். நீங்கள் யுபிஐயில் அனுப்புங்கள், அந்தப் பதிவாவது மிஞ்சும்.

மோர் பிழைத்துக்கொண்டது. சாப்பிட்டதும் இன்னும் லேசாக இடப்பக்கம் சாய்கிறது. கடைக்காரரிடம் என் எண் இருக்கிறது. போன வாரம் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருந்தார், புது ஒரண்டா வந்திருக்கிறதாம்.