கறுப்பின் மேல் கறுப்பு: லேயர் மாஸ்க்கோடு ஒன்பது ஆண்டுகள்

"அண்ணா, அழிப்பான் இருக்கும்போது மாஸ்க் எதற்கு?" என்று போன வாரம் ஒரு தங்கை கேட்டாள். காகிதத்தில் அருமையாக வரைபவள். டேப்லெட் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. அவளுக்குத் தொலைபேசியில் சொன்னது பாதிதான். மீதி இது.

கணினியில் ஓவியம் வரையும் மென்பொருளில், கண்ணாடித் தாள்கள்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படங்கள்தான் லேயர்கள். ஒரு லேயரில் எந்த இடம் தெரியவேண்டும், எது மறையவேண்டும் என்று தீர்மானிக்கும் திரைதான் மாஸ்க். அழிப்பானால் அழித்தது போனது போனதுதான். மாஸ்க்கில் மறைத்தது அங்கேயே இருக்கும். ஒரு சிறுகதைத் தொகுப்பின் அட்டைக்காக ஆலமரக் கோட்டோவியம் ஒன்றை ஸ்கேன் செய்து, இடப்பக்க விழுதுகளை மறைத்துக் கொடுத்திருந்தேன். நான்கு ஆண்டுகள் கழித்துக் கெட்டி அட்டைப் பதிப்புக்கு அகலம் கூடுதலாக வேண்டும் என்றார்கள். பழைய கோப்பைத் திறந்து, வெள்ளை பிரஷ்ஷை எடுத்து இடப்பக்கம் தேய்த்தேன். விழுதுகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. இந்தத் தொழிலில் எனக்கு இவ்வளவு நிறைவு தந்த தருணங்கள் குறைவு.

மாஸ்க் என்பது ஒரு சாம்பல் நிறப் படம், அவ்வளவுதான். 0 என்றால் கறுப்பு, ஓவியம் தெரியாது. 255 என்றால் வெள்ளை, முழுதாகத் தெரியும். இடையிலுள்ள ஒவ்வொரு சாம்பலும் ஓர் அரைத் தெரிவு. கரித்துண்டின் சொரசொரப்புள்ள வெள்ளை பிரஷ்ஷை 20 சதவீத அடர்த்தியில் வைத்து மேலும் மேலும் தீட்டினால், பனி விலகுவதுபோல ஓவியம் வெளிவரும். அதிகமாகிவிட்டால் எக்ஸ் விசையைத் தட்டி நிறத்தைக் கறுப்புக்கு மாற்றித் திரும்ப மூடலாம். கை தயங்காமல் போவதற்கு இந்த ஒரு வசதி போதும்.

இனி என் கோபம். லேயர் பட்டியலில் ஓவியத்துக்கு ஒரு சின்னப் படம், பக்கத்தில் மாஸ்க்குக்கு ஒரு சின்னப் படம். இப்போது எதில் தீட்டுகிறோம் என்பதைக் காட்டுவது அதைச் சுற்றியுள்ள மெல்லிய சட்டம் மட்டும். தலைமுடி அளவு கோடு! ஒன்பது ஆண்டுகளில் எத்தனையோ புதுப்பிப்புகள் வந்துவிட்டன. அந்தக் கோடு தடிக்கவே இல்லை.

சென்ற மாதம் ஓர் இரவுக்காட்சி அட்டை. பின்னணி முழுக் கறுப்பு. வண்ணம் தீட்டி முடித்த கிளைகளின் ஓரங்களை இரண்டு மணி நேரம் கறுப்பு பிரஷ்ஷால் கரைத்தேன். திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. சேமித்து, மூடி, அனுப்பினேன். மறுநாள் பின்னணியைக் கருநீலமாக மாற்றச் சொன்னார்கள். மாற்றியதும் கிளைகளைச் சுற்றித் தார் அப்பியதுபோலக் கறுப்புத் திட்டுகள். நான் தீட்டியது மாஸ்க்கில் அல்ல, ஓவியத்தின் மேலேயே. கறுப்பின் மேல் கறுப்பு. கண்ணுக்கு எப்படித் தெரியும்? கோப்பை மூடியதோடு பின்வாங்கும் வழியும் போயிற்று. ஸ்கேன் இருந்தது, மூன்று நாள் தீட்டிய வண்ணம் இல்லை.

அன்றிலிருந்து வேலை நடக்கும்போது அடியில் பளீரென்ற பச்சை லேயர் ஒன்றைப் போட்டுக்கொள்கிறேன். தவறான இடத்தில் விழுந்த முதல் கறுப்புக் கோடே அதில் காட்டிக்கொடுத்துவிடும். ஆல்ட் விசையை அழுத்தியபடி மாஸ்க்கின் சின்னப் படத்தைச் சொடுக்கினால் மாஸ்க் மட்டும் தனியாகத் தெரியும். கறுப்பு என்று நம்பிய இடத்தில் மிஞ்சிய சாம்பல் கறைகளை அங்கே பிடிக்கலாம். அச்சில் அழுக்காக விழுவது அவைதான்.

தங்கைக்கு என் பதில்: மாஸ்க்கை இன்றே பழகு, அழிப்பானைத் தொடாதே. நான் பயன்படுத்தும் இந்த மென்பொருளை வாங்கலாமா என்றால், வேண்டாம். மாஸ்க்கை இவ்வளவு மென்மையாகக் கையாளும் வேறொன்றை நான் பார்த்ததில்லை, உண்மை. ஆனாலும் நேற்று என் சந்தாவின் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிட்டேன். கிளைகளில் வலப்பக்கம் இன்னும் வண்ணம் தீட்டப்படாமல் கிடக்கிறது.