மட்டக்களப்பு ஆற்றில் நீர்க்காகம் பார்க்க: நிக்கோன் புரோஸ்டாஃப் பி3 8×42

பறவை மீன் பிடிப்பதைப் பார்க்க வாங்குவதென்றால் இந்த பைனாகுலர் போதும். 8×42 என்றால் எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லையின் விட்டம் 42 மில்லிமீற்றர். 10×42 வேண்டாம். கச்சான் காற்று அடிக்கும் நாளில் தோணியில் இருந்து பத்து மடங்கில் பார்த்தால், பறவையைவிடக் கையின் நடுக்கம்தான் பெரிதாகத் தெரியும். கடைக்காரர் காட்டும் 'சூம்' வகைகளைக் கையிலும் தொடாதீர்கள்.

நம் ஆற்றில் மீன் இருக்கும் இடம் பருவத்துக்குப் பருவம் மாறும், பறவையின் வேட்டையும் கூடவே மாறும். கருவி இரண்டு பருவத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

சித்திரைக்குப் பிறகு தண்ணீர் வற்றத் தொடங்கும், முகத்துவாரத்தை மணல் அடைக்கும். மீன் ஆழம் குறைந்த இடங்களில் நெருங்கிக் கிடக்கும். அப்போது நீர்க்காகங்கள் கூட்டமாக இறங்கித் துரத்தும். கூழைக்கடாக்கள் வரிசை கட்டி மீனை ஓரத்துக்கு ஒதுக்கி, ஒன்றாக அலகை இறக்கும். இதன் பார்வை அகலம் 7.2 பாகை. 100 மீற்றர் தூரத்தில் 12.6 மீற்றர் அகலம் தெரியும் என்பதால், மூழ்கியது எங்கே எழும்பும் என்று தேடித் திருப்ப வேண்டிய தேவை குறைவு. உச்சி வெயிலில் மட்டும் கானல் எல்லாவற்றையும் கெடுக்கும், அதற்கு எந்தக் கண்ணாடியும் மருந்தில்லை.

மாரியில் கதை வேறு. தண்ணீர் ஏறி, கலங்கி, மீன் வயலோரம் வாய்க்கால் என்று சிதறிவிடும். கண்ணால் பார்த்துப் பிடிக்கும் பறவைக்குக் கலங்கல் பெரிய இடைஞ்சல். கூட்டம் கலைந்து, ஒவ்வொன்றும் தனித்தனியே புல்லோரத்திலும் கண்டல் வேரடியிலும் மூழ்கும். வானமும் மூடியிருக்கும். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25 மில்லிமீற்றர், கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அளவு அது. பத்து மடங்கில் 4.2தான். மங்கல் வெளிச்சத்தில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். 3 மீற்றர் வரை கிட்டத்திலும் தெளிவு கிடைப்பதால் தோணிக்குப் பக்கத்துக் கம்பில் இருக்கும் மீன்கொத்தியும் தப்பாது.

பாலமீன்மடுப் பக்கம் முகத்துவாரம் வெட்டினால் ஆலாக்களும் செம்பருந்துகளும் அங்கே கூடும். பாயும் ஆலாவைத் துரத்திக்கொண்டு குவியச் சில்லைத் திருப்பினால் ஒன்றுமே பார்க்க முடியாது. 50 மீற்றரளவில் குவித்து வைத்துவிட்டு, அது உள்ளே வரும்வரை காத்திருங்கள்.

எட்டு மடங்கில் இரையையும் பிரித்தறியலாம். மணலை மீன் வெள்ளியாய் மின்னி ஒரே மூச்சில் உள்ளே போகும். திலாப்பியா என்றால் நீர்க்காகம் தூக்கிப் போட்டுத் தலைப்பக்கம் திருப்பும், முதுகுமுள் மடிந்தால்தான் தொண்டைக்குள் இறங்கும். கெழுத்தி சிக்கினால் பாடு அதிகம்: முள்ளை விறைத்துப் பூட்டிக்கொள்ளும், சிலவேளை பறவை விட்டுவிட்டுப் போய்விடும்.

வாங்கியதும் இரு கண்ணையும் சரிசெய்யுங்கள். வலது வில்லையை மூடி, இடக்கண்ணால் தூரத்துப் பெயர்ப்பலகையை நடுச்சில்லால் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடி, நடுச்சில்லைத் தொடாமல் வலப்பக்க வளையத்தை மட்டும் திருப்புங்கள். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண்குவளையை உள்ளே இறக்கிவிடலாம், கண்ணை வில்லையிலிருந்து 20.2 மில்லிமீற்றர் தள்ளி வைத்தாலும் முழுக் காட்சியும் தெரியும், அது தாராளம். மின்கம்பி இரண்டாகத் தெரிந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். குழல்கள் நேராக இல்லை என்று அர்த்தம், அரை மணியில் தலையிடிக்கும்.

குறை என்றால், சூரியனுக்கு எதிரே பிடித்தால் நீர்க்காகம் வெறும் கறுப்பு உருவமாகிவிடும். காலையில் கல்லடிக் கரையில் நின்று மேற்கே பாருங்கள், பின்னேரம் புளியந்தீவுப் பக்கம் நின்று கிழக்கே.

நைதரசன் அடைத்திருப்பதால் உள்ளே ஆவி படியாது, ஆனால் ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்தால் வெளிக்கண்ணாடி வியர்க்கும். உப்புக்காற்றில் பாவித்த பின் சட்டைத் தலைப்பால் துடைக்காதீர்கள், உப்பும் மணலும் பூச்சைக் கீறும். முதலில் ஊதித் தள்ளி, ஈரப் பஞ்சால் ஒற்றுங்கள். வாடை மாதங்களில் சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வையுங்கள். தோல் உறைக்குள் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.