அப்கிரேடுக்குப் பிறகு கிராஷ் ஆகும் மென்பொருட்கள்: பத்து வருடத்தில் எனக்குக் கைகொடுத்தவை

விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறிய மறுநாள் காலையில் ஒலித்தொகுப்பு மென்பொருளைத் திறந்தேன். லோகோ வந்தது, பிளகின்களை (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை நிரல்களை) ஏற்றுவதாக ஒரு வரி ஓடியது, அப்புறம் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. பிழைச்செய்தி என்று எதுவும் வரவில்லை. அன்று மாலைக்குள் ஓர் ஒலிப்பதிவை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. மென்பொருளை நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவினேன். அதே கதை. இப்படி மூன்று முறை செய்து ஒரு முழு நாளை இழந்தேன்.

அதற்கு முன்பும் பின்பும் நிறைய அப்கிரேடுகளைப் பார்த்திருக்கிறேன். விண்டோஸ் 7-லிருந்து 10, அதன் ஆண்டு அப்டேட்கள், பிறகு 11, வீட்டிலுள்ள ஒரு மேக் என்று பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு மென்பொருள் படுத்துவிடும். எந்த வழி உண்மையில் பலன் தந்தது, எது நேரத்தை மட்டும் தின்றது என்று இப்போது தெளிவாகச் சொல்ல முடியும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அந்த ஒலித்தொகுப்பு மென்பொருள். நீக்கித் திரும்ப நிறுவுவது ஏன் உதவவில்லை? நீக்கும்போது பெரும்பாலும் நிரலின் கோப்புகள் மட்டுமே போகின்றன. நம்முடைய செட்டிங்ஸ் பயனர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டரில் அப்படியே கிடக்கும். பிளகின்கள் பல மென்பொருட்களுக்கும் பொதுவான வேறோர் இடத்தில் இருக்கும். ஆக, நல்ல நிலையில் இருந்த பகுதியைத்தான் நான் மூன்று முறை புதுப்பித்திருக்கிறேன். கெட்டுப்போன பகுதியைத் தொடவே இல்லை.

விடை கிடைத்தது விண்டோஸிலேயே இருக்கும் ரிலையபிலிட்டி மானிட்டரில். ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று ஆங்கிலத்தில் தட்டினால் வந்துவிடும். நாள்வாரியாக ஒரு வரைபடம் இருக்கும், கிராஷ் நடந்த நாளில் சிவப்பு வட்டத்தில் பெருக்கல் குறி தெரியும். அதைத் திறந்து விவரத்துக்குள் போனால் ‘ஃபால்டிங் மாட்யூல்’ என்று ஒரு வரி வரும். எந்த மென்பொருள் விழுந்தது என்பது நமக்கே தெரியும். அதற்குள் எந்தக் கோப்பு இயங்கியபோது விழுந்தது என்பதை இந்த வரிதான் சொல்கிறது. என் விஷயத்தில் அது பல வருடம் முன்பு நிறுவி மறந்துபோன ஒரு பழைய பிளகின். அந்த ஒரு கோப்பை வேறு இடத்துக்கு நகர்த்தினேன், மென்பொருள் திறந்துகொண்டது. வேலை இரண்டு நிமிடம்தான்.

இதே தகவல் விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரிலும் இருக்கிறது. விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன், அங்கே 1000 என்ற எண்ணுள்ள பதிவு. எனக்கு ரிலையபிலிட்டி மானிட்டர்தான் வசதி. எந்த நாளில் அப்டேட் நடந்தது, எந்த நாளிலிருந்து கிராஷ் தொடங்கியது என்று ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். பல நேரம் குற்றவாளி அப்கிரேடே அல்ல, அதற்கு இரண்டு நாள் கழித்துத் தானாக வந்த ஒரு ட்ரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) என்பது அங்கே பார்த்தால்தான் புரியும்.

ஓர் எச்சரிக்கை. அந்த வரியில் என்டிடிஎல்எல், கெர்னல்பேஸ் போன்ற பெயர்கள் வந்தால் அவற்றைக் குறை சொல்லாதீர்கள். அவை விண்டோஸின் சொந்தக் கோப்புகள். வேறு யாரோ நினைவகத்தைக் கெடுத்துவிட்டுப் போக, கடைசியில் தடுக்கி விழுந்த இடமாக இவை பதிவாகும். இணையத்திலிருந்து அந்தக் கோப்பைத் தனியாக இறக்கி மாற்றுவது மிகப் பெரிய தவறு, தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். கெர்னல்பேஸ் என்று வந்தால் அதே நேரத்தில் டாட்நெட் ரன்டைம் என்ற பெயரில் 1026 எண்ணுடன் இன்னொரு பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உண்மையான காரணம் அதில்தான் எழுதியிருக்கும்.

என்னை அதிகம் அலைக்கழித்தது வேறொன்று. ஒரு பெரிய ஆண்டு அப்டேட்டுக்குப் பிறகு, ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத நான்கு மென்பொருட்கள் அவ்வப்போது மூடிக்கொண்டன. படத்தொகுப்பு, பிரவுசர், குறிப்பேடு, பிடிஎஃப் வாசிப்பான். நான்கையும் தனித்தனிப் பிரச்சினையாக நினைத்து ஒவ்வொன்றையும் நோண்டிக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது: நான்குமே ‘சேவ் ஆஸ்’ கொடுக்கும்போது மட்டும் விழுகின்றன. கோப்பைச் சேமிக்கும் அந்தப் பெட்டி அந்தந்த மென்பொருளுடையது அல்ல, விண்டோஸ் கொடுப்பது. வலது சொடுக்கில் கூடுதல் மெனு சேர்க்கும், கோப்பின் மேல் சின்னம் ஒட்டும் சின்னச்சின்ன நீட்டிப்புகள் அந்தப் பெட்டி திறக்கும்போது அந்த மென்பொருளுக்குள்ளேயே ஏறிக்கொள்ளும். அதில் ஒன்று பழசாகி இருந்தால், யார் பெட்டியைத் திறந்தாலும் அவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும். ஷெல்எக்ஸ்வியூ என்ற இலவசக் கருவியில் விண்டோஸுடையதல்லாத நீட்டிப்புகளை எல்லாம் அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டேன். குற்றவாளி, எப்போதோ நீக்கிவிட்டதாக நான் நினைத்த ஒரு கோப்புச் சுருக்கியின் மிச்சம்.

அன்றிலிருந்து எந்த மென்பொருள் விழுகிறது என்று கேட்பதோடு, என்ன செய்யும்போது விழுகிறது என்றும் கேட்கிறேன். அச்சிடும்போது என்றால் பிரிண்டர் ட்ரைவர். எழுத்துரு பட்டியலைத் திறக்கும்போது என்றால் ஏதோ ஓர் எழுத்துரு கெட்டிருக்கலாம். வீடியோ ஓடும்போதும் பக்கத்தைப் பெரிதாக்கும்போதும் என்றால் கிராஃபிக்ஸ் ட்ரைவர். அந்த மென்பொருளின் செட்டிங்ஸில் ஹார்ட்வேர் ஆக்சலரேஷனை (கிராஃபிக்ஸ் சிப்பிடம் வேலையை விடும் வசதியை) அணைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். தட்டச்சு செய்யும்போது மட்டும் என்றால், தமிழில் எழுதுவதற்கு நிறுவியிருக்கும் பழைய விசைப்பலகை நிரலையும் சந்தேகப்படுங்கள். அதுவும் திறந்திருக்கும் எல்லா மென்பொருளிலும் கைவைக்கும் வகைதான்.

பதிவைப் படித்தும் பிடிபடவில்லை என்றால், புதிதாக ஒரு பயனர் கணக்கை உருவாக்கி அதில் நுழைந்து அதே மென்பொருளைத் திறந்து பார்ப்பேன். அங்கே ஒழுங்காக ஓடினால் கோளாறு என் கணக்கின் செட்டிங்ஸில். அங்கேயும் விழுந்தால் ட்ரைவர், பொதுவான நீட்டிப்பு, விஷுவல் சி பிளஸ் பிளஸ் போன்ற, பல மென்பொருட்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுப்பு என்று தேட வேண்டிய இடம் மாறிவிடுகிறது. இந்தச் சோதனை மேக்கிலும் அப்படியே செல்லும். செட்டிங்ஸில்தான் கோளாறு என்று தெரிந்தால் ஆப்டேட்டாவில் அந்த மென்பொருளின் ஃபோல்டரை அழிக்காதீர்கள், பெயரை மட்டும் மாற்றுங்கள். மென்பொருள் தனக்குப் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும், பழையதிலிருந்து வேண்டியதைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். நான் ஒருமுறை அழித்துவிட்டு, வருடக்கணக்கில் சேர்த்த வார்ப்புருக்களை இழந்தேன்.

கெட்டுப்போன கோப்புகளைத் தேடிச் சரிசெய்யும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ், டிஸ்ம் கட்டளைகளை எல்லோரும் முதலில் சொல்வார்கள். ஓட்டலாம், தீங்கில்லை. ஆனால் அவை சரிபார்ப்பது விண்டோஸின் சொந்தக் கோப்புகளை மட்டும்தான். எனக்கு இத்தனை வருடத்தில் ஒரே ஒரு முறை உதவியிருக்கிறது, அதுவும் அப்கிரேடின் நடுவில் மின்சாரம் போன கணினியில். விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் கிளீனர்கள் ஒருமுறைகூட உதவியதில்லை.

மேக்கில் கன்சோல் என்ற செயலிக்குள் ‘கிராஷ் ரிப்போர்ட்ஸ்’ இருக்கிறது. பதிவு நீளமாக இருந்தாலும் ‘டெர்மினேஷன் ரீசன்’ என்ற வரி போதும். ‘லைப்ரரி நாட் லோடட்’ என்று இருந்தால் அந்த மென்பொருள் தேடும் ஒரு கோப்பு புதிய இயங்குதளத்தில் இல்லை, அல்லது ஏற்க முடியாத நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். அங்கே புதிய பதிப்புக்குக் காத்திருப்பதைத் தவிர நாம் செய்யக்கூடியது குறைவு. 2019-ல் வந்த கேட்டலினா 32-பிட் மென்பொருட்களை முழுதாகக் கைவிட்டது. அந்த மாதிரி மாற்றத்துக்கு எந்தச் சரிசெய்தலும் கிடையாது. அதனால் மேக்கில் அப்கிரேட் பொத்தானைத் தொடும் முன் அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருட்களின் தளங்களில் புதிய பதிப்பில் ஓடுமா என்ற குறிப்பைப் பார்த்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம்.

இன்னொரு விஷயம், பலருக்கும் தாமதமாகவே தெரிய வருகிறது. விண்டோஸ் 11-க்கு மாறியபின் பழையதற்குத் திரும்ப 10 நாள்தான் அவகாசம். அதன்பின் பழைய விண்டோஸ் இருக்கும் விண்டோஸ்.ஓல்ட் என்ற ஃபோல்டர் தானாக அழிக்கப்படும். இடம் போதவில்லை என்று டிஸ்க் கிளீனப்பில் அதை நாமே முன்னதாக அழித்துவிட்டாலும் வழி அடைபடும். அந்த 10 நாளுக்குள்ளேயே டிஸ்ம் கட்டளை ஒன்றின் மூலம் அவகாசத்தை 60 நாள்வரை நீட்டிக்கலாம். நான் அப்கிரேட் முடிந்த முதல் நாளே அதைச் செய்துவிடுகிறேன். பிறகு அந்த வாரத்திலேயே எப்போதாவது தொடும் மென்பொருட்களையும் ஒருமுறை திறந்து, ஒரு கோப்பைச் சேமித்து, ஒரு பக்கம் அச்சிட்டுப் பார்க்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை திறக்கும் கணக்கு மென்பொருள்தான் தேவைப்படும் நாளில் காலை வாரும்.

எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். பழைய ஸ்கேனர் ஒன்றின் மென்பொருள் விண்டோஸ் 11-ல் இன்றுவரை ஓடவில்லை. கம்பாட்டிபிலிட்டி மோட், நிர்வாகி அனுமதி, புதிய கணக்கு எல்லாம் பார்த்தாயிற்று. ட்ரைவரே இதற்கு எழுதப்படவில்லை, தயாரிப்பாளரும் ஆதரவை நிறுத்திவிட்டார். ஸ்கேனர் நன்றாக வேலை செய்கிறது என்பதால் தூக்கிப்போட மனம் வரவில்லை. விண்டோஸ் 7 உள்ள பழைய மடிக்கணினியை இணையத்தில் சேர்க்காமல் அதற்கென்றே வைத்திருக்கிறேன். ஸ்கேன் செய்த கோப்புகள் பென்டிரைவில் இந்தப் பக்கம் வருகின்றன.