ஊட்டிப் புல்வெளியா, கோடியக்கரையா? குதிரைப் படத்துக்கு எங்கே போகலாம்

நீலகிரியில் கேமரா தூக்கும் பலருக்கும் உள்ளூர ஓர் ஆசை இருக்கிறது: கடலோரத்தில் பிடரி பறக்க ஓடிவரும் காட்டுக் குதிரைகளைப் படமெடுக்க வேண்டும். அந்த ஆசையைக் கிளப்பிவிடுவது பெரும்பாலும் பிரான்சின் கமார்க் பகுதி வெள்ளைக் குதிரைகளின் படங்கள்தான். அந்தக் குதிரைகளுக்கு உரிமையாளர்கள் உண்டு, சூட்டுக்குறி உண்டு. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அவை வரும் படங்களில் பல, குதிரைவீரர்கள் பின்னாலிருந்து ஓட்டிவர எடுக்கப்பட்டவை. நமக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை இரண்டு: ஊட்டியில் மேய விடப்பட்டிருக்கும் குதிரைகள், வேதாரண்யத்துக்குத் தெற்கே கோடியக்கரையில் திரியும் மட்டக்குதிரைகள்.

ஊட்டிக் குதிரை சவாரிக் குதிரை. ஏரிக்கரையில் சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கும், வேலை முடிந்ததும் அவிழ்த்து விடப்பட்டு ஊருக்குள்ளும் சரிவுகளிலும் மேயும். கோடியக்கரைக் குதிரையும் ஆதியில் வீட்டுக் குதிரையின் வம்சம்தான். ஆனால் தலைமுறை தலைமுறையாக யாருடைய கொட்டிலுக்கும் திரும்பாமல் காட்டிலேயே பிறந்து வளர்ந்தது. படத்தில் முதலில் தெரிவது இந்த வேறுபாடுதான். மேய விட்ட குதிரை உங்களைப் பார்த்ததும் கேரட் வருமா என்று நெருங்கிவரும். தன் போக்கில் வாழும் கூட்டத்தில் ஓர் ஒழுங்கு இருக்கும்: பெட்டைகள், குட்டிகள், அவற்றைச் சற்றே தள்ளி நின்று காக்கும் ஆண், எந்தக் கூட்டத்திலும் சேராத இளம் ஆண்கள். ஆண் குதிரை காதைப் பின்னுக்கு மடித்துத் தலையைத் தாழ்த்திக் கூட்டத்தை வளைத்து ஓட்டும் அந்தக் கணத்தை ஊட்டியில் எத்தனை நாள் காத்திருந்தாலும் பார்ப்பது கடினம். என்னைக் கேட்டால், இந்த ஒரு காரணமே 400 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்யப் போதும்.

வெளிச்சத்தில் ஊட்டிக்கு நிகர் இல்லை. 2,240 மீட்டர் உயரத்தில் காலைப் பனிமூட்டம் சோலையின் ஓரத்தை மறைத்துவிட, பின்னணிக் குப்பை எல்லாம் தானாகவே அழிந்து குதிரை மட்டும் நிற்கும். பனிமூட்டத்தின் வெண்மையைப் பார்த்துக் கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும் என்பதால், எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்ச அளவை, முக்கால் முதல் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இருமடங்கு வெளிச்சம்) கூட்டி வையுங்கள். ஆட்டோஃபோகஸ் தடுமாறும்போது காது வானத்தைத் தொடும் விளிம்பில் ஒற்றைப் புள்ளியை வைத்தால் பிடித்துக்கொள்ளும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் மூச்சுக்காற்று ஆவியாக எழும்பும். அதைப் பேக்லைட்டில், பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில், எடுக்கும் சுகம் கடலோரத்தில் கிடைக்கவே கிடைக்காது.

கோடியக்கரையிலோ சூரியன் ஏற ஏறத் தரையிலிருந்து கானல் எழும். நல்ல லென்ஸ் வைத்திருந்தும் தொலைவுப் படங்கள் குழைந்து போகும். அது லென்ஸின் குற்றமல்ல, சூடான காற்றின் வேலை. விடிந்த முதல் இரண்டு மணி நேரமும் மாலைக் கடைசி நேரமும்தான் உருப்படியானவை. அலைநுரையில் பாயும் குதிரையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அங்கே குதிரையின் இடம் புல்வெளியும் உலர்ந்த சேற்றுச் சமவெளியும்தான். அதற்கு ஈடாக, ஒரே ஃபிரேமில் மட்டக்குதிரையும் வெளிமானும் நிற்கும் காட்சி கிடைக்கலாம். வெளிமானுக்காகவே 1967-ல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் அது. மானுக்கான புல்லைக் குதிரைகளும் மேய்கின்றன; சீமைக்கருவேல நெற்றுகளைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்புகின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் முறித்துப்போட்ட காடும் அதுவே. இவற்றைத் தெரிந்துகொண்டு போகிறவர் எடுக்கும் படம் அழகோடு நின்றுவிடாது.

தூரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் அசடீக் தீவுக் கடற்கரையில் குதிரைகளிடமிருந்து குறைந்தது 40 அடி தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். ஃபுல்ஃபிரேம் கேமராவில் (35 மிமீ ஃபிலிம் அளவு சென்சார் கொண்டது) 400 மிமீ லென்ஸ் போட்டால், அந்தத் தூரத்தில் தலையும் கழுத்தும்தான் அடங்கும். ஐந்தாறு குதிரைகள் கொண்ட கூட்டம் முழுதாக அடங்க ஏறக்குறைய 80, 90 மீட்டர் தேவை. ஆகவே 100-400 மிமீ ஜூம் லென்ஸ் இருப்பவர் கோடியக்கரையில் கிட்டே போக வேண்டிய அவசியமே இல்லை. அவ்வளவு தூரம் எட்டாத 70-200 மிமீ லென்ஸ் மட்டும் இருந்தால் ஊட்டிதான் பொருத்தம். ஆனால் குதிரையை இழுக்கக் கேரட்டை நீட்டாதீர்கள். பழகிய குதிரை அடுத்த தடவை சாலையில் போகும் வண்டியிடமும் அதையே எதிர்பார்க்கும்.

பராமரிப்பில் இரண்டுமே தொல்லை. ஊட்டி ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாப் பெட்டி கட்டாயம். கடற்கரையில் உப்பும் மணலும். முதலில் ஊதித் தள்ளிவிட்டுப் பிறகு துடையுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர் ஒரு பருவம் ஊட்டியிலேயே பழகட்டும். நடைக்கு நொடியில் 1/250, பாய்ச்சலுக்கு 1/1000-க்குக் குறையாத ஷட்டர் என்று கை பழக வேண்டும். 1878-ல் புகைப்படக் கலைஞர் மைபிரிட்ஜ் எடுத்த படங்கள்தான் ஓடும் குதிரையின் நான்கு குளம்பும் ஒருசேரத் தரையை விட்டு எழும் கணம், கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கும்போது வருவதைக் காட்டின. அந்தக் கணத்தைச் சவாரிக் குதிரையிடமே பயிற்சி செய்யலாம். அந்தப் படங்களின் கீழே ‘காட்டுக் குதிரை’ என்று மட்டும் எழுத வேண்டாம்.

கை பழகியவர் ஜனவரியில் கோடியக்கரைக்குப் போகலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து புல் பச்சையாக இருக்கும், பூநாரைகளும் வந்திருக்கும். வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு, அவர்கள் காட்டும் பாதையை விட்டு விலகாமல், இரண்டு இரவாவது வேதாரண்யத்தில் தங்குங்கள். முதல் நாள் கூட்டங்கள் எங்கே மேய்கின்றன என்று பார்ப்பதற்கே சரியாகப் போய்விடும்.